கரண்ட் போய் வந்தாலும் குழம்பாத வாசல் விளக்கு

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் இருட்டாகக் கிடக்கக் கூடாது. எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இது அம்மா போட்ட சட்டம். வீட்டு விளக்குகளைத் தானாக எரிய வைக்க நினைத்தால், நீங்களும் அந்த ஒரு விளக்கோடு தொடங்குங்கள். முழு வீட்டையும் ஒரேயடியாக மாற்றப் போனால், ரவுட்டரோடு சண்டை பிடித்தே ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

முதலில் மூளை. வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியில் போடுபவர்கள் அதிகம். எனக்குப் பிடித்தது மூலையில் கிடக்கும் பழைய 64 பிட் லேப்டொப். பற்றரி சரியாக இருந்தால் கரண்ட் போனாலும் அணையாது. உபுண்டு (இலவச லினக்ஸ்) உள்ள பென் டிரைவில் லேப்டொப்பைப் பூட் செய்து, ஹோம் அசிஸ்டன்ட் இமேஜ் கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் எழுதுங்கள். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும். கல்யாணப் படங்களை முதலே எடுத்து வையுங்கள். ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, வேறொரு கணினியில் homeassistant.local:8123 என்ற முகவரியை பிரவுசரில் திறந்தால் கணக்குத் தொடங்கலாம்.

அடுத்து ஒரு ஸ்மார்ட் பிளக், அதாவது வைஃபை மூலம் ஒன், ஒஃப் செய்யக்கூடிய பிளக். வாசல் விளக்கை இதில்தான் செருகப் போகிறோம். புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகுமுன் அந்த பிராண்டுக்கான ஹோம் அசிஸ்டன்ட் பக்கத்தைப் பாருங்கள். 'லோக்கல்' என்றிருந்தால் வாங்கலாம். 'கிளவுட்' என்றால் இன்டர்நெட் போன அன்று விளக்கும் போகும். வைஃபை பிளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். கேத்தலையோ அயர்ன் பெட்டியையோ இதில் செருகாதீர்கள். சுவர் சுவிட்சைக் கழற்றி ஸ்மார்ட் சுவிட்ச் போடும் ஆசை வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் பல நேரம் இருக்காது.

இப்போது ஆட்டோமேஷன், அதாவது தானாக நடக்கும் கட்டளை. கொழும்பில் பொழுதுபடுவது 5.50க்கும் 6.30க்கும் இடையில் மாறிக்கொண்டிருக்கும். அதனால் மணிக்கணக்கு வேண்டாம். கட்டளையைத் தொடக்கி வைக்கும் ட்ரிகராக 'சன்செட்'டை எடுத்து, ஒஃப்செட்டில் -00:15:00 போடுங்கள்; பொழுதுபட 15 நிமிடம் முன்பே விளக்கு எரியும். இரவு 10.30க்கு அணைக்க இன்னொன்று.

சரி, கரண்ட்? ஒருநாள் நள்ளிரவு 2 மணிக்குக் கரண்ட் திரும்பி வர, வாசல் விளக்கும் தானாக எரிந்தது. கள்ளன் என்று வீடே எழும்பிவிட்டது. பிளக்கின் செட்டிங்கில் 'பவர் ஒன்' நிலையை, அதாவது கரண்ட் வந்ததும் பிளக் இருக்கும் நிலையை, 'ஒஃப்' என்று மாற்றினேன். அப்புறம்தான் அடுத்த ஓட்டை தெரிந்தது: பொழுதுபடும்போது கரண்ட் இல்லையென்றால், வந்த பிறகும் விளக்கு எரியாது. இதற்கு அதே ஆட்டோமேஷனில் இரண்டாவது ட்ரிகர் வேண்டும்: பிளக் 'அன்அவெய்லபிள்' (தொடர்பில் இல்லாத) நிலையிலிருந்து 'ஒஃப்' நிலைக்கு மாறும்போது. கண்டிஷனில் சன்செட்டுக்கு 15 நிமிடம் முன்பிருந்து 10.30 வரை என்று வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள், அம்மா குளியலறையில் இல்லாத நேரமாகப் பார்த்து.