ஒரே ஐசி-யில் மாடுலர் சிந்தசைசர்: முதல் படி

தனித்தனிச் சுற்றுகளை ஒயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசர் என்றதும் ஒயர்கள் தொங்கும் பெரிய பெட்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும், விலையைக் கேட்டதும் ஆசை போய்விடும். 1964-இல் ராபர்ட் மூக் தன் முதல் மாதிரியைச் செய்தபோது அதற்கு அடிப்படையாக இருந்த யோசனை எளிமையானது: ஒரு சுற்றிலிருந்து வரும் மின்னழுத்தத்தால் இன்னொரு சுற்றை ஆட்டுவிக்கலாம். அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள சிடி40106 என்ற ஒரு ஐசி (சிப்) போதும். உள்ளே ஆறு இன்வெர்ட்டர்கள் (உள்ளீடு உயர்ந்தால் வெளியீட்டை இறக்கும், இறங்கினால் உயர்த்தும் சுற்றுகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு ஆசிலேட்டர் (தானாகத் துடிக்கும் சுற்று) ஆக்கலாம்.

இதோடு பிரெட்போர்டு (பாகங்களைப் பற்றவைக்காமல் செருகும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இரண்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, 100 கிலோ ஓம் ஒன்று, 104 என்று அச்சிட்ட கெபாசிட்டர் இரண்டு, 1 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இரண்டு, 1என்4148 டையோடு ஒன்று வாங்குங்கள். கடையில் 74எச்சி14 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கால் வரிசை அதேதான், ஆனால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

1. மின்சாரம். ஐசி-யின் 14-ஆம் காலுக்கு பேட்டரியின் பிளஸ், 7-ஆம் காலுக்கு கிரவுண்டு, அதாவது பேட்டரியின் மைனஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு 104. பயன்படுத்தாத உள்ளீடுகளான 5, 9, 11, 13 ஆகிய கால்களை கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். சும்மா விட்டால் அவை கண்டபடி துடித்து ஒலியைக் கெடுக்கும்.

2. ஒலி. 1-ஆம் காலிலிருந்து (உள்ளீடு) கிரவுண்டுக்கு இன்னொரு 104. 2-ஆம் காலிலிருந்து (வெளியீடு) 10 கிலோ ஓம், அதைத் தொடர்ந்து பாட், பிறகு மறுபடி 1-ஆம் கால். வெளியீடு உயர்ந்திருக்கும்போது கெபாசிட்டர் நிரம்பும். ஓர் எல்லையைத் தொட்டதும் வெளியீடு கவிழ்ந்து கெபாசிட்டர் காலியாகும். வெளியீட்டின் இந்த ஏற்ற இறக்கம்தான் சதுர அலை. பாட்டைத் திருகினால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு 'டிக்'கிலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வரை போகும்.

3. வெளியே எடுப்பது. 9 வோல்ட் அலையை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுக்காதீர்கள். 2-ஆம் காலில் எலக்ட்ரோலிட்டிக்கின் பிளஸ் முனை. அதன் மறுமுனையிலிருந்து 100 கிலோ ஓம், அடுத்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இரு ரெசிஸ்டர்களும் சேரும் இடத்திலிருந்து ஆம்ப்ளிஃபயரின் லைன் இன்னுக்குக் கொண்டுபோங்கள். சாக்கெட்டின் கிரவுண்டையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள்.

4. ஆட்டுவிப்பது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 3, 4-ஆம் கால்களில் அதே ஆசிலேட்டரை மறுபடி கட்டுங்கள். 104-க்குப் பதில் 1 மைக்ரோ ஃபாரட், மைனஸ் முனை கிரவுண்டில். இது மெதுவாக, நொடிக்கு ஒன்றிரண்டு முறைகூடத் துடிக்கும். இப்போது 4-ஆம் காலிலிருந்து 1-ஆம் காலுக்கு டையோடு, கோடு போட்ட முனை 1-ஆம் கால் பக்கம். மெதுவான அலை உயரும்போதெல்லாம் ஒலி நின்றுவிடும், இறங்கும்போது ஒலிக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் தாளம் மறைந்து, ஒலியின் குணமே கரகரவென்று மாறிவிடும்.

யூரோராக் என்ற மாடுலர் முறையின் மாட்யூல்களோடு இதை அப்படியே இணைக்க வேண்டாம். 1995-இல் டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-100 மூலம் வந்த அந்த முறைக்கு பிளஸ், மைனஸ் 12 வோல்ட் வேண்டும், சுருதியும் ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) ஒரு வோல்ட் கணக்கில் ஏறும். நம் ஆசிலேட்டருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அதைவிட, மிச்சமிருக்கும் நான்கு இன்வெர்ட்டர்களில் ஒன்றை எடுத்து இன்னொரு மெதுவான துடிப்பைக் கட்டி, இன்னொரு டையோடு வழியாக அதே 1-ஆம் காலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த உள்ளீட்டுக்குப் போட்ட கிரவுண்டு ஒயரை முதலில் பிடுங்கிவிடுங்கள்.