முன்னறிவிப்பின்றி விழும்போது: உள்காது நோய் உள்ளவர்களுக்கான வழிமுறைகள்

உள்காது நோய் உள்ளவர்கள் இரண்டு விதமாகக் கீழே விழுகிறார்கள். ஒன்றில் தலைசுற்றல் முதலில் வருகிறது. உட்காரவோ எதையேனும் பற்றிக்கொள்ளவோ சில நொடிகளாவது கிடைக்கின்றன. மற்றதில், யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலவோ தரையே சாய்ந்துவிட்டது போலவோ தோன்றிய மறுகணம் உடல் தரையில் கிடக்கிறது. முதலாவது வரும்போது செய்யக்கூடியவை உண்டு. இரண்டாவதற்கோ முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடுகள் மட்டுமே துணை.

உள்காதின் மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள இரு சிறு பைகள், நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களின் உதவியால், புவியீர்ப்பின் திசையை உணர்கின்றன. உள்காது நோய்களில் ஒன்றான மெனியர் நோயில் உள்காதுத் திரவம் மிகும்போது இப்பைகள் திடீரெனத் தவறான செய்தியை அனுப்ப, உடலை நிமிர்த்தி நிறுத்தும் கால் தசைகள் ஒரு கணம் தளர்ந்துபோவதே இரண்டாவது வகை வீழ்ச்சிக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. 1936-இல் இதை விவரித்த டுமார்கின் என்ற மருத்துவரின் பெயராலும் இது வழங்குகிறது. இதில் நினைவு தப்புவதில்லை. அடிபடாவிட்டால் பெரும்பாலும் உடனே எழுந்துவிடலாம். நினைவு தப்பியிருந்தால் காதுதான் காரணம் என்று இருந்துவிடாமல் இதயத்தையும் மூளையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தலைசுற்றல் தொடங்கியதும் இருக்கும் இடத்திலேயே தரையில் அமர்ந்துவிடுங்கள். கட்டில்வரை நடந்துவிடலாம் என்று எண்ணி எடுத்துவைக்கும் அந்த நான்கு அடிகளில்தான் பலர் விழுகிறார்கள். பிறகு ஒருக்களித்துப் படுத்து, தலையை அசைக்காமல், அசையாத ஒரு பொருளின் மீது பார்வையை நிறுத்துங்கள். வாந்தி வந்தாலும் இந்த நிலையில் மூச்சுக்குழல் அடைபடாது. மெனியர் நோயின் சுழற்சி 20 நிமிடங்களிலிருந்து 12 மணி நேரம்வரை நீடிக்கக்கூடும் என்பதால் எழுவதற்கு அவசரப்பட வேண்டாம். படுக்கையில் புரளும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் பெரும்பாலும் படிகங்கள் இடம்மாறியதால் வருவது; பயிற்சி பெற்றவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றை மீண்டும் உரிய இடத்தில் சேர்ப்பார். தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் தொடர வேண்டாம். மாதக்கணக்கில் விழுங்கினால், சமநிலையை மீண்டும் கற்றுக்கொள்ளும் மூளையின் முயற்சியையே அவை தடுக்கும்.

திடீர் வீழ்ச்சிக்கான ஏற்பாடுகளைக் குளியலறையிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் ஈரத்தரையும் கடினமான விளிம்புகளும் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன. சுவரில் உறுதியான கைப்பிடி, வழுக்காத விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஓர் இருக்கை ஆகியவை வேண்டும். கதவை உள்ளே தாழிடாதீர்கள். இருட்டில் கண்ணின் உதவி கிடைக்காததால், படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். நடமாடும் வழியிலிருந்து கண்ணாடி மேசைகளை அகற்றுங்கள். ஏணியில் ஏறுவதையும், தனியாக நீந்துவதையும், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதையும் கைவிடுங்கள். ஒருமுறை இப்படி விழுந்திருந்தாலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டக் கூடாது; இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

வீட்டிலுள்ளோர், விழுந்தவரைப் பதறி இழுத்து நிமிர்த்தாமல், தலை, இடுப்பு, மணிக்கட்டு ஆகியவற்றில் வலி உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை, இதுவரை அறியாத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் தலைசுற்றலோடு வந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு வீழ்ச்சியையும் அன்றே குறித்துவையுங்கள்: நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, முன்போ பின்போ காதில் இரைச்சலோ அடைப்போ கூடியதா, நினைவு இருந்ததா. காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு இக்குறிப்பு மிகவும் உதவும். வீழ்ச்சி திரும்பத் திரும்ப வந்தால் செவிப்பறை வழியாக ஜென்டாமைசின் என்ற மருந்தைச் செலுத்தும் சிகிச்சை உண்டு. அது பலருக்கு வீழ்ச்சியை நிறுத்துகிறது, ஆனால் கேட்கும் திறனைக் குறைக்கவும் கூடும். ஆகவே சம்மதிக்கும் முன் இரு காதுகளின் கேட்கும் திறனையும் அளந்து, மற்றக் காதின் நிலை என்ன என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.