டிராயரை உருவிப் பார்த்து பழைய மரச்சாமானின் வயதைக் கணிப்பது எப்படி?

பழைய மேஜையோ அலமாரியோ கண்ணில் பட்டால் பெரும்பாலானவர்கள் முகப்பையும் கைப்பிடியையும் பளபளப்பையும்தான் பார்க்கிறார்கள். போலி செய்பவர்களும் முதலில் கைவைப்பது அங்கேதான். டிராயரின் உள்மூலைக்கும் அடிப்பலகைக்கும் அவ்வளவு மெனக்கெடுபவர்கள் குறைவு. எந்தக் கருவியால் அறுத்தார்கள், எதை வைத்து முடுக்கினார்கள் என்பதெல்லாம் அங்கே அப்படியே தங்கியிருக்கும்.

இங்கே வரும் ஆண்டுகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளில் செய்த சாமான்களுக்கானவை. மற்ற ஊர்களில் கைவேலை இன்னும் நெடுங்காலம் நீடித்தது. அங்கே செய்த சாமானுக்கு இந்த ஆண்டுகளை அப்படியே பொருத்த வேண்டாம்.

கையில் வேண்டியவை

சின்ன டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஸ்டீல் ஸ்கேல், காந்தம், ஸ்க்ரூவின் காடியில் சரியாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவர், போன் கேமரா. துடைக்கும் துணியும் எண்ணெயும் இப்போதைக்கு வேண்டாம். அழுக்கு எங்கே படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்பதே நமக்கு வேண்டிய சாட்சி. பார்த்து முடிக்கும்வரை எதையும் துடைக்காதீர்கள்.

1. டிராயரை வெளியே எடுங்கள்

ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தால் டிராயர் கோணிக்கொண்டு மாட்டும், பழைய மூட்டு பிளக்கும். முதலில் இரு கைப்பிடிகளையும் ஒரே சீராக இழுங்கள். பாதி வந்ததும் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய துண்டுச் சீட்டு வைத்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா டிராயர்களையும் வரிசையாக வையுங்கள். ஒன்றின் மரமோ மூட்டோ மட்டும் தனித்துத் தெரிந்தால் அது வேறு சாமானிலிருந்து வந்திருக்கலாம், அல்லது பின்னால் செய்து சேர்த்திருக்கலாம்.

2. மூலை மூட்டைப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. முன்பலகையும் பக்கப்பலகையும் சேருமிடத்தில், விரித்த புறாவால் வடிவில் வால்களும் அவற்றுக்கு இடையே பற்களும் கோத்திருக்கும். இதுதான் டவ்டெயில் மூட்டு. பசை விட்டுப்போனாலும் இழுக்கும் திசையில் கழன்று வராது என்பதால்தான் டிராயருக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கையால் அறுத்ததில் வால்கள் அகலமாகவும் இடையிலுள்ள பற்கள் ஒடுக்கமாகவும் இருப்பது வழக்கம். ஸ்கேலை வைத்து அளந்தால் ஒரு வாலுக்கும் அடுத்ததற்கும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். லென்ஸில் பாருங்கள்: பற்களின் அடியை ஒட்டி, அளவுக்காகத் தச்சர் கீறிய மெல்லிய கோடு ஓடும். சில இடங்களில் ரம்பம் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு உள்ளே போயிருக்கும்.

வாலும் பல்லும் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றால் இயந்திர வேலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பரவியது. பிறை வளைவின் நடுவே வட்டக் குச்சி வைத்தது போன்ற மூட்டைக் கண்டால் சந்தோஷப்படலாம். அது நாப் மூட்டு. அமெரிக்காவில் 1870-களிலிருந்து ஏறத்தாழ 1900 வரைதான் புழக்கத்தில் இருந்தது. காலத்தை இவ்வளவு குறுகலாகக் காட்டும் அடையாளம் மரச்சாமானில் அரிது.

ஒரு எச்சரிக்கை: கையால் அறுத்த மூட்டு மட்டுமே பழமைக்குச் சான்றாகாது. இன்றும் கையால் அறுக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள்.

3. அடிப்பலகையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்

நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. பலகையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடுபள்ளம் நிழலாக எழும். இழைப்புளி ஓடிய அகலமான, ஆழமில்லாத அலைகளை விரல் நுனியாலும் உணரலாம். நேராக, ஆனால் சீரற்ற இடைவெளியில் கோடுகள் இருந்தால் கைரம்பம். வில் போல வளைந்த கோடுகள் வட்ட ரம்பத்தின் தடம். அது மர ஆலைகளில் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1750-ஐச் சேர்ந்தது என்று விற்கும் சாமானின் முதுகுப்பலகையில் வளைந்த கோடு இருந்தால், அந்தப் பலகையாவது புதியது. அடி பிளைவுட்டாக இருந்தால் 20-ஆம் நூற்றாண்டின் வேலை, அல்லது அப்போது மாற்றிய அடி.

4. ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றுங்கள்

காடியில் டிரைவர் ஆடினால் நிறுத்துங்கள், தலை சிதைந்துவிடும். கழன்ற ஸ்க்ரூவின் முனை மொட்டையாகவும், மரை சீரற்றும், தலையின் காடி நடுவிலிருந்து சற்று விலகியும் இருந்தால் பெரும்பாலும் 1850-க்கு முந்தையது. கூர்முனை ஸ்க்ரூவுக்கான இயந்திரத்துக்கு 1846-இல் காப்புரிமை பெற்ற பிறகு அதுவே எங்கும் நிறைந்தது. தலையில் கூட்டல் குறி போன்ற காடி இருந்தால் 1930-களுக்குப் பிந்தையது. ஆணியிலும் இப்படித்தான்: சதுர உடல் பழையது, கம்பியில் வெட்டிய உருண்டை ஆணி 1890-கள் வாக்கில் பெரும்பான்மையானது. பித்தளைக் கைப்பிடியில் காந்தம் ஒட்டினால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

ஸ்க்ரூ இருந்த துளையையும் பாருங்கள். பக்கத்திலேயே அடைத்த பழைய துளை இருந்தால் ஸ்க்ரூ பின்னால் வந்தது. முன்பலகையின் உட்புறத்தில் கைப்பிடிக்கு இரண்டு ஜோடித் துளைகள் இருந்தால் கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள். இது குற்றமில்லை, ஆனால் விற்பவர் சொல்ல வேண்டும்.

5. தேய்மானம் பொருந்துகிறதா?

டிராயரின் பக்கப்பலகை அடியில் பின்பக்கம் தேய்ந்திருந்தால், அது ஓடும் உட்சட்டத்திலும் அதற்கேற்ற பள்ளம் விழுந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது புத்தம் புதிதாக இருந்தால் இரண்டில் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். நிறமும் அப்படியே. காற்றுபட்ட இடம் கருத்தும், மூடிக்கிடந்த இடம் வெளிறியும் இருப்பதுதான் இயல்பு. கண்ணுக்குப் படாத மூலைமுடுக்கெல்லாம் ஒரே பழுப்பு என்றால் சாயம் பூசியிருக்கலாம்.

பூச்சித்துளையும் பேசும். வண்டு வெளியேறிய துளை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வட்டமாக இருக்கும். உள்ளே சுரங்கம் வளைந்து போவதால் மெல்லிய கம்பி சீக்கிரமே தட்டி நிற்கும். கம்பி நேராக ஆழமாக இறங்கினால் அது டிரில் போட்ட துளையாக இருக்கலாம். மேற்பரப்பில் நீண்ட திறந்த வாய்க்கால்கள் தெரிந்தால், பழைய மரத்தை மறுபடி அறுத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். துளையிலிருந்து வெளிறிய மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். மற்ற மரச்சாமான்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

வட்ட மேஜையாக இருந்தால் இரண்டு திசையில் விட்டத்தை அளங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் ஒட்டாத முழுப்பலகையில் செய்த பழைய வட்டம் சில மில்லிமீட்டராவது நீள்வட்டமாகியிருக்கும்.

6. பாலிஷைச் சோதிப்பது

சாமான் உங்களுடையதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கண்ணில் படாத ஓரத்தில், பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டு ஆல்கஹால். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அசையாமல், அசிட்டோனுக்கு மட்டும் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருக்கலாம். அது மரச்சாமானுக்கு வந்தது 1920-களில். அரக்கு என்று தெரிந்தால் உப்புத்தாளைத் தூர வையுங்கள். சுரண்டிய மேற்பரப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

7. கணக்கை முடிப்பது

கண்டதையெல்லாம் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையாக எழுதுங்கள்: அடையாளம், அது காட்டும் காலம், அது சாமானோடு பிறந்ததா பின்னால் வந்ததா. மூன்றாவது பத்தியில்தான் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தவறுகிறார்கள். சாமானோடு பிறந்த பாகங்களில் எது மிகப் புதியதோ, அதற்கு முன்னால் அந்தச் சாமான் இருந்திருக்க முடியாது. கையால் அறுத்த மூட்டு, முதுகில் வட்ட ரம்பத் தடம், மாற்றப்படாத துளையில் கூர்முனை ஸ்க்ரூ என்றால், 1846-க்குப் பிறகு என்று எழுதுங்கள். கீலில் மட்டும் கூட்டல் காடி ஸ்க்ரூவும் பக்கத்தில் அடைத்த துளையும் இருந்தால், அந்த வரியைப் ‘பழுதுபார்த்தது’ என்று தனியே குறித்து வையுங்கள்.