விளாமரம்: தாய் மரத் தேர்வு முதல் திசு வளர்ப்பு வரை

சங்க இலக்கியத்தில் வெள்ளில் என்று பெயர் பெற்ற விளாமரம் இன்று பெரும்பாலும் வரப்போரத்திலும் பொட்டலிலும் தானாக முளைத்து நிற்கிறதே தவிர, தோப்பாக வளர்ப்பவர்கள் குறைவு. விதைக்கன்று காய்ப்புக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் வரை ஆகலாம். அதன் பழம் எப்படி இருக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஆகவே நல்ல மரத்தின் சிறு துண்டைக் குப்பியில் வளர்த்து, அதன் நகல்களாகவே கன்றுகளை உருவாக்கும் திசு வளர்ப்பு உதவுகிறது. அதன் முதல் வேலை மரத்தடியில்தான் தொடங்குகிறது. பெரிய இனிப்புப் பழம் தருவது, சிறிய புளிப்புப் பழம் தருவது என விளாவில் இரு வகை உண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பழத்தின் எடை, ஓட்டின் கனம், சதையின் சுவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முற்றிய காய்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்: ஓரடி உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டால் முற்றாத காய் துள்ளும், முற்றியது துள்ளாது. வசதி இருந்தால் இலையிலிருந்து டி.என்.ஏ. பிரித்து ஐ.எஸ்.எஸ்.ஆர். முறையில் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதிகளை ஒப்பிடும் முறை) மரங்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாட்டையும் அளக்கலாம். திசு வளர்ப்பில் பிறக்கும் கன்றுகள் தாயின் நகல்கள் என்பதால், ஒரே மரத்தைப் பெருக்கினால் அதைத் தாக்கும் நோய் தோப்பு முழுவதையும் தாக்கக்கூடும். வெவ்வேறு ஊர்களிலிருந்து பத்துத் தாய் மரங்களாவது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ஊடகம், அதாவது துண்டு வளர்வதற்கான சத்துக்கூழ். 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற தாவர அறிவியலாளர்கள் வகுத்த எம்.எஸ். உப்புக் கலவையுடன், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் தளிரைத் தூண்டும் ஊக்கியான பி.ஏ.பி. 1 மில்லிகிராமும் சேர்த்து, அமில காரத்தன்மையை 5.8க்குக் கொண்டுவந்த பிறகு கூழை இறுகச் செய்யும் அகார் 8 கிராம் இட்டு, 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வையுங்கள்.

முதிர்ந்த கிளையில் பூஞ்சை மிகுதி. கவாத்து செய்தபின் வரும் புதுத் தளிரின் கணுவே ஏற்றது. இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளை ஓடும் நீரில் அரை மணி நேரம் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் 30 விநாடியும், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடமும் வைத்து, கிருமி நீக்கிய நீரில் நான்கு முறை அலசுங்கள். கைப்பழக்கத்துக்கு விதை நாற்றின் கணுவை எடுக்கலாம். ஆனால் அது தாய் மரத்தின் நகல் ஆகாது.

துண்டுகளைக் குப்பியிலுள்ள ஊடகத்தில் நட்டு, குப்பிகளை 25 டிகிரியில், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தில் வையுங்கள். வெட்டுவாயைச் சுற்றி ஊடகம் தேநீர் நிறமாக மாறினால் துண்டை உடனே புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். பஞ்சு போல் வெண்பூஞ்சை படர்ந்த குப்பியைத் திறக்காமல் ஆட்டோகிளேவில் வைத்த பின்பே கழுவுங்கள். உருவமின்றித் திரளும் திசுக்கட்டியிலிருந்து எழும் தளிர்களில் மரபு மாற்றம் நேரக்கூடும் என்பதால், கணுமொட்டிலிருந்து வருபவற்றை மட்டும் பெருக்குங்கள்.

தளிர்களை, வேரைத் தூண்டும் ஊக்கியான ஐ.பி.ஏ. சேர்த்த பாதியளவு எம்.எஸ். ஊடகத்தில் வேர்விடச் செய்யுங்கள். வேரில் அகார் துளியும் ஒட்டாமல் கழுவி, தென்னை நார்க்கழிவில் நட்டு, பாலித்தீன் உறையால் மூடி, மூன்று நான்கு வாரங்களில் உறையைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். தாய் மரத்துக்குக் கொடுத்த எண்ணைக் குப்பியிலும் கன்றுப் பையிலும் தவறாமல் எழுதுங்கள். எண் தொலைந்த கன்று எந்த மரத்தினுடையது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.