பைக் இண்டிகேட்டர்களை எல்இடிக்கு மாற்றும் முறை

சென்னையின் காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் நிற்கும் பைக்குகளில் பல்பு ஹோல்டர் பச்சை பூத்துக் கிடப்பது வழக்கம். ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பின், ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

பழைய பல்புகள் பெரும்பாலும் 12 வோல்ட், 10 வாட் கொண்டவை. ஒரு பக்கத்து இரண்டு பல்புகளும் இழுக்கும் 20 வாட் சுமையை நம்பித்தான், விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கும் ஃபிளாஷர் ரிலே இயங்குகிறது. எல்இடி ஓரிரு வாட் மட்டுமே இழுப்பதால், இண்டிகேட்டர் படபடவென்று மினுக்கும் அல்லது மினுக்காமலே நின்றுவிடும். இதற்கு, குறைந்த சுமையை ஈடுகட்ட ரெசிஸ்டர் (மின்தடை) வைப்போரும் உண்டு. ஆனால் அது கொதிக்கும் அளவுக்குச் சூடேறிப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கை உருக்கிவிடக்கூடும் என்பதால், எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷரே மேல். வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய ரிலேயையும் எடுத்துச் சென்று, பின்களின் (செருகும் உலோக முனைகளின்) எண்ணிக்கையை ஒப்பிட்டு வாங்கவும். மூன்று பின் ஃபிளாஷருக்கு எர்த் வயர் தேவைப்படும்.

இத்தனைக்குப் பிறகும் நான்கு விளக்குகளும் ஒன்றாக மினுக்கினால், குறை மீட்டரில் உள்ள பைலட் பல்பில் (இண்டிகேட்டர் எரிவதைக் காட்டும் சிறு விளக்கில்) இருக்கிறது. இடது, வலது வயர்களுக்கு நடுவே ஒரே பல்பு இணைக்கப்பட்ட வண்டிகளில், அதன் வழியே மின்சாரம் மறுபக்கத்துக்கும் பாய்கிறது. இரு வயர்களிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடைத் தலா ஒன்றாக, வெள்ளிக் கோடு பல்பை நோக்கியிருக்கும்படி வைத்து, இரண்டையும் பல்பின் ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையை எர்த்தில் கொடுக்க வேண்டும்.

ஒளி ஆரஞ்சு நிறத்தில், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்குகிறதா என்று வெயிலில் நிறுத்திப் பார்க்கவும்.