பழைய கம்ப்யூட்டருக்கு மானிட்டர் தெரியவில்லையா? கேபிளைப் பாருங்கள்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகம். லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டரில் மானிட்டரை மாற்றியதும் ரெசல்யூஷன் 1024 x 768-க்கு மேல் ஏறவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போன நான், டிரைவர் கோளாறு என்று நினைத்து லினக்ஸையே மறுபடி நிறுவினேன். அரை நாள் வீண். கோளாறு விஜிஏ கேபிளில், அதாவது மானிட்டரைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை 15 பின் கேபிளில் இருந்தது.

மானிட்டர் தன் விவரங்களை ஈடிஐடி என்ற 128 பைட் (சில மானிட்டர்களில் 256 பைட்) தகவலாகக் கணினிக்குச் சொல்லும். விஜிஏ கேபிளில் அது 12, 15 ஆம் பின்கள் வழியாக வருகிறது. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்த ஒயரே இருக்காது. படம் பளிச்சென்று வரும், ஆனால் எந்த மானிட்டர் என்பது கணினிக்குத் தெரியாது. ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரோ, ஒரே மானிட்டரைப் பல கணினிகளுக்கு மாற்றித் தரும் கேவிஎம் ஸ்விட்ச்சோ நடுவில் இருந்தாலும் இப்படி ஆகலாம். 9 ஆம் பின் மட்டும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், நல்ல கேபிள்களிலும் அது இருக்காது.

கேபிள் சரியா என்று எப்படிப் பார்ப்பது? லினக்ஸில் சிஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் (/sys/class/drm) என்று போனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஈடிஐடி என்றே ஒரு ஃபைல். அதன் அளவை எல்எஸ் கட்டளையில் பார்த்துவிட்டு 'காலி' என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே தகவல் இருந்தாலும் எல்எஸ் 0 என்றுதான் காட்டும். டபிள்யூசி கட்டளையால் பைட்டுகளை எண்ணுங்கள். 128 அல்லது 256 வந்தால் தகவல் வந்து சேர்கிறது. 0 வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

டிஆர்எம்மில் போர்ட் ஃபோல்டரே இல்லையா? எப்போதோ திரை கறுத்தபோது பூட் வரியில் (கணினி தொடங்கும்போது லினக்ஸுக்குப் போகும் கட்டளை வரி) சேர்த்த 'நோமோட்செட்' என்ற சொல் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை திரைகளைப் பட்டியலிடும் எக்ஸ்ரேண்டர் கட்டளை 'டீஃபால்ட்' என்ற ஒற்றைத் திரையைத்தான் காட்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஓடும் கம்ப்யூட்டரில் விஜிஏ கேபிளைச் செருகிவிட்டு, மானிட்டர் தானாகத் தெரியும் என்று காத்திருப்பது. கேபிள் செருகப்பட்டதைக் கணினிக்குச் சொல்ல விஜிஏவில் தனி பின் கிடையாது. எக்ஸ்ரேண்டரை ஒருமுறை ஓட்டினால் போர்ட்டுகளைப் புதிதாகச் சோதிக்கும். 'கரன்ட்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால் சோதிக்காது, பழைய நிலையையே சொல்லும்.

ஈடிஐடி வரவே இல்லையென்றால் சிவிடி கட்டளையில் மோட்லைன் (ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட் முதலிய எண்கள் கொண்ட வரி) கணக்கிட்டு நாமே சேர்க்கலாம். பழைய டப்பா மானிட்டராக இருந்தால் மட்டும் கவனம் தேவை. அது தாங்கும் ரெஃப்ரெஷ் ரேட்டை மேனுவலில் பார்க்காமல் எண் போடாதீர்கள், மானிட்டரே கெட்டுப்போகலாம்.