சின்ன ஆபீஸுக்கு நாஸ் வாங்கும் முன்: ஒரு சிவகாசி அச்சக அனுபவம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டாகிவிட்டால் அப்புறம் மார்கழி வரை மூச்சு விட நேரம் கிடையாது. பத்துப் பேர் வேலை பார்க்கும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நான் கவனித்துக்கொள்கிறேன். ஐந்து டிசைனர்கள், கணக்குக்கு ஒருவர், ஆர்டர் எடுக்க இரண்டு பேர், அச்சுக்கு பிளேட் எடுக்கும் இடத்தில் தனியாக ஒரு சிஸ்டம். கடைசியாகத் திருத்திய ஃபைல் யாருடைய பென்டிரைவில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும், சில நேரம் பழைய ஃபைலுக்கே பிளேட் எடுத்து முடித்திருப்பார்கள். இந்தத் தலைவலி தீரத்தான் நாஸ் வாங்கினோம். ஹார்ட் டிஸ்க்குகள் போட்ட ஒரு சின்னப் பெட்டி அது. ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகிவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தில் ஃபைலை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வாங்கியதில் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே நகல், அதாவது ரெய்டு 1. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். ஓர் அக்டோபரில் மெயிலில் வந்த ஒரு இன்வாய்ஸை யாரோ திறக்க, அந்த சிஸ்டத்தில் புகுந்த ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) இசட் டிரைவாகத் தெரிந்த நாஸ் ஃபோல்டரையும் பூட்டிவிட்டது. ஒரு டிஸ்க்கில் பூட்டியது அடுத்த நொடியே மற்றதிலும் பூட்டியிருக்கும், ரெய்டின் வேலையே அதுதானே. மூன்று மாதம் முன்பு எடுத்த ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் நகல் மட்டும் மிஞ்சியது. இடையில் செய்த டிசைன்களை எங்கள் பையன்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திரும்பப் போட்டார்கள். அதனால் எத்தனை டிபி (டெராபைட், 1000 ஜிபி), என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலை இந்தப் பெட்டியே இல்லை என்றால் வேலையை எதிலிருந்து, எத்தனை மணி நேரத்தில் திரும்பத் தொடங்குவீர்கள்? அதற்குப் பதில் கிடைக்கிற அளவுக்குப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் பெட்டி வாங்குங்கள்.

கொள்ளளவைக் கணக்குப் போடுவது கஷ்டமில்லை. எங்களுக்கு ஒரு நாளைக்குப் புதிதாகச் சேர்வது சுமார் 5 ஜிபி, வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 1.5 டிபி. ஐந்து வருஷத்துக்கு 7.5, ஏற்கெனவே இருப்பது 2, ஆக 9.5 டிபி. 12 டிபி டிஸ்க் இரண்டு போட்டால் ரெய்டு 1-ல் ஒன்றின் அளவுதான் கிடைக்கும், அதுவும் விண்டோஸில் 10.9 என்றுதான் காட்டும் (கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, ஏமாற்று ஒன்றுமில்லை). நான்கு டிஸ்க் போடும் பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். இன்று இரண்டில் தொடங்கி நாளை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அப்போது ரெய்டு 5 முறைக்கு மாறினால் ஒரு டிஸ்க் அளவு மட்டும் பாதுகாப்புக்குப் போகும், ஆனால் ஒரு டிஸ்க் செத்து புதியதைப் போட்டால் அது நிரம்பி முடிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும், அந்த நேரத்தில் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. எல்லா டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே லாட்டில் எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

டிஸ்க் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தையை நினைவில் வையுங்கள்: சிஎம்ஆர், அதாவது டேட்டா எழுதும் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும் வகை. எஸ்எம்ஆர் என்ற வகையில் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும், ஓர் இடத்தில் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும், ரெய்டில் போட்டால் இழுத்தடிக்கும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில ரெட் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது, அதற்குப் பிறகு சிஎம்ஆர் வகையை ரெட் பிளஸ் என்று தனியாக விற்கிறார்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை. பணம் கொடுப்பதற்கு முன்பே டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

பெட்டி எந்த பிராண்ட் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். சினாலஜியில் மென்பொருள் எளிது, கியூநாப்பில் அதே விலைக்கு வன்பொருள் கொஞ்சம் கூட. சினாலஜி 2025-இல் தன் பிளஸ் மாடல்களில் வேறு கம்பெனி டிஸ்க்குகளைத் தடுத்துப் பார்த்து, அதே வருஷம் தன் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்பில் தளர்த்திவிட்டது, இருந்தாலும் வாங்குகிற மாடல் எந்த டிஸ்க்கை ஏற்கும் என்று பட்டியலைப் பார்த்துவிடுங்கள். கட்டாயம் இருக்க வேண்டியது ஸ்னாப்ஷாட். ஃபோல்டர் அந்த மணியில் எப்படி இருந்ததோ அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும், மாறிய பகுதிக்கு மட்டும் இடம் எடுக்கும். டிசைனரின் சிஸ்டத்தில் புகுந்த வைரஸ் ஷேர் ஃபோல்டரைப் பூட்டினாலும், அட்மின் பாஸ்வேர்ட் பறிபோகாத வரை ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது. இப்போது எங்களிடம் மணிக்கு ஒன்று எடுக்கிறது. விலை குறைந்த சில மாடல்களில் இந்த வசதி கிடையாது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டாலும் நன்றாகவே ஓடும், ஆனால் அதைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பது என்று யோசித்துச் செய்யுங்கள்.

நல்ல நாஸ் வாங்கிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய, பெரும்பாலும் குற்றம் வயரில்தான். 100 மெகாபிட் சுவிட்ச் வழியாக 1 ஜிபி கோரல் டிசைன் ஃபைல் வர ஒன்றரை நிமிஷம் ஆகும், கிகாபிட் என்றால் பத்து நொடி. சுவிட்ச் கிகாபிட்டாக இருந்தும் வேகம் வரவில்லையா, வயர் நுனியைப் பாருங்கள். எட்டுக் கம்பிக்குப் பதில் நாலு கம்பி மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள், அதில் 100-க்கு மேல் போகவே போகாது. எங்கள் ஆபீஸில் ஒன்பது வயரில் நாலு அப்படித்தான் இருந்தது. இன்னொன்று, விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்த பிறகு பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்த பழைய ஷேர்கள் திறக்காமல் போகலாம். ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்ட் போடுங்கள், கணக்கு ஃபோல்டர் கணக்கருக்கும் முதலாளிக்கும் மட்டும்.

வீட்டிலிருந்து திறக்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வழி) திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர்களால், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளாகத் தேடிப் பூட்டினார்கள். 2014-இல் சினாலஜிக்கும் இதே கதி நேர்ந்தது. விபிஎன் (இணையத்தில் உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) வழியாக உள்ளே வாருங்கள், டெயில்ஸ்கேல் போன்றவை இரண்டு பிராண்டிலும் ஓடும்.

பெட்டியை மெஷின் ஹாலில் வைக்காதீர்கள். காகிதத் தூசியும் ஸ்ப்ரே பவுடரும் ஃபேனை அடைத்துவிடும், அதிர்வு டிஸ்க்குக்கு ஆகாது. கதவு மூடிய அலமாரியும் வேண்டாம், நம்ம ஊர் சித்திரை வெயிலில் வெந்துவிடும். யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி போர்ட் இருப்பதாகப் பாருங்கள், மின்சாரம் போனால் நாஸுக்குத் தகவல் சொல்லி அது தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

கடைசியாக, பணம் ஒதுக்கி வைக்கச் சொன்ன பேக்கப். எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு, வாரம் மாற்றி வாரம், ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் வயரில்லாமல் இருக்கும். டாலி கணக்கு டேட்டாவும் ஆர்டர் ஃபோல்டரும் மட்டும் ராத்திரி கிளவுடுக்கும் போகின்றன, அவை சின்னவை. ஜிஎஸ்டி கணக்குகளை வருஷாந்திர ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்பெனியாகப் பதிந்திருந்தால் கணக்குப் புத்தகங்கள் எட்டு நிதியாண்டுக்கு, அதோடு 2022 விதித் திருத்தப்படி தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் பேக்கப்பும் வேண்டும், உங்கள் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து ஏதாவது மூன்று ஃபைலை எடுத்து, பேக்கப் எடுத்த சிஸ்டத்தில் இல்லாமல் வேறு சிஸ்டத்தில் திறந்து பார்க்கிறோம். போன தடவை ஒரு ஃபைல் திறக்கவில்லை, அந்த டிஸ்க்கை அன்றைக்கே மாற்றினோம்.